நடுக்கடலில் புகை என்ன செய்யும்?

"நடுக்கடல்ல புகை என்ன பண்ணும் தம்பி, காத்து கொண்டுபோயிரும்." பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் பக்கம் போய் எஞ்சின் புகையைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் இதுதான். சொல்பவர்கள் கடலை அறிந்தவர்கள். ஆனாலும் இந்த நம்பிக்கை தவறு, ஆளைக் கொல்லக்கூடிய தவறு.

காற்று கொண்டுபோகும், சரி. எந்தப் பக்கம்? சோழகம் என்னும் தென்காற்று வீசும் நாளில் கரை திரும்பும் படகுக்குக் காற்று பின்னாலிருந்து வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால், கக்கிய புகை விலகாமல் படகோடு சேர்ந்தே வரும். எதிர்காற்றிலும் தப்ப முடியாது. ஓடும் படகின் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும். மழைக்கு முன்பக்கம் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிப் பின்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால், அந்த மறைப்பே புகையை உள்ளே இழுக்கும்.

கண் எரியவில்லை, நெடியில்லை என்பது அடுத்த சமாதானம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கைகால் தளர்ச்சி என்று தொடங்கும். கடலில் இதற்குத் தயாராக ஒரு பெயர் உண்டு: கடல் மயக்கம். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன் என்றால் சந்தேகமே வராது. "உள்ள போய்ப் படு" என்கிறோம். புகை தேங்கிய கேபினுக்கே அவனை அனுப்புகிறோம்.

அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் 8, 11 வயதுச் சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். அது திறந்த ஏரிதான். படகுவீட்டின் பின்தட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் புகை தேங்கியிருந்தது. பிள்ளைகள் அந்த இடுக்கில் நீந்தப் போனார்கள்.

டீசல் எஞ்சினில் இந்த வாயு குறைவு என்பது உண்மை. ஆனால் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சின்கள் இதை மிகுதியாகக் கக்கும். டீசல் படகிலும் எஞ்சின் ரூமுக்குள் சைலன்சர் குழாய் விரிசல்விட்டால் ஆபத்துதான்.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இங்கே நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் சாதாரணக் கருவி நல்ல ரத்தமாகவே காட்டும். 98 என்று எண் தெரியும், ஆள் சாய்ந்துகொண்டிருப்பான். ஆஸ்பத்திரியில் "எஞ்சின் புகையில் இருந்தார்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்த எண்ணம் வரும். வெறும் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரமாகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும்.

2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபின் எங்கள் பக்கமெல்லாம் ஜெனரேட்டர் ஓடியது. "ஜன்னல் திறந்திருக்கே" என்ற அன்றைய தைரியமும் இதே நம்பிக்கையின் பிள்ளைதான்.

படகில் இருவருக்கு ஒன்றாகத் தலைவலித்தால் முதலில் எஞ்சினைச் சந்தேகியுங்கள். அதை நிறுத்திவிட்டு, காற்று வரும் பக்கம் ஆட்களைக் கொண்டுவாருங்கள். படகு நிற்கும்போது எஞ்சினை வீணாக ஓடவிடாதீர்கள். எஞ்சின் ஓடுகையில் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் தண்ணீரில் தொங்க வேண்டாம். ஆள் தூங்கும் கேபினில் இந்த வாயுவைக் கண்டு கூவும் அலாரம் ஒன்று இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகளை ஆய்வு செய்ய வரும் மீன்வளத் துறையினர், நீள அகலத்தோடு சைலன்சர் குழாயின் இணைப்புகளையும் குனிந்து பார்க்க வேண்டும்.