முற்றத்தை மட்டும் பார்த்தால் போதுமா? பழைய வீடு வாங்குவோர் சிந்தனைக்கு



சென்ற ஆண்டு என் மைத்துனர் ஓசூரில் ஒரு பழைய வீட்டை விலை பேசிவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் பாத்தாச்சு மச்சான். முப்பது வருச வில்லங்கம் சுத்தம். மூலப்பத்திரம் இருக்கு, பட்டா அவர் பேர்லயே இருக்கு. பாங்கு சத்தம் வீட்டுக்குள்ளயே கேக்குது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார். "வீட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டு தடவ போய்ப் பாத்தோம். புதுசா பெயிண்ட் அடிச்சுப் பளிச்சுனு வச்சிருக்காங்க" என்றார்.

அந்தப் புதுப் பெயிண்ட்தான் எனக்கு உறுத்தியது. ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சென்று காட்டிய பின்னரே முன்பணம் கொடுப்பது என்று மைத்துனரை இணங்கச் செய்தேன். செய்தியைச் சொன்னவுடன் வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது. "ஒரே ஜமாஅத்துல இருக்கோம். என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். என் மைத்துனர் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன். பழைய வீட்டை வாங்குமுன் அதை முறையாக ஆய்வு செய்வது சகோதரன் மீது கொள்ளும் சந்தேகம் அன்று. அது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த வணிக ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

ஓசூரின் வீடுகளுக்கு வயதாகிறது

1970-களில் சிப்காட் வந்தது. அதன் பின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. வேலை தேடி வந்தோர் சேமித்த பணத்தில் சிறிது சிறிதாக வீடு கட்டினர். 1980-களிலும் 90-களிலும் எழுந்த அவ்வீடுகளுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. அவைதாம் இப்போது கைமாறுகின்றன. பெங்களூரின் விலைக்கு அஞ்சி எல்லையைத் தாண்டி வரும் குடும்பங்களும், கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்காக ஓசூருக்கு நகரும் குடும்பங்களும் இவற்றையே நாடுகின்றன.

அக்காலத்துக் கட்டடங்கள் அனைத்தும் மோசம் என்று நான் சொல்லவில்லை. இம்மாவட்டத்தின் கருங்கல்லில் அமைந்த அஸ்திவாரங்கள் பல இன்றும் அசையாமல் நிற்கின்றன. ஆயினும் சில உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு M15 தரமே போதுமென்று அன்றைய இந்தியத் தரநிலை ஏற்றிருந்தது. 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட ஐஎஸ் 456 தரநிலைதான் குறைந்தபட்சத் தரத்தை M20 ஆக உயர்த்தியது. அதுவும் ஏட்டில் உள்ள விதி. மேஸ்திரி கண்ணளவில் கலவை போட்ட தளத்தில் என்ன தரம் இருக்கிறதென்று சோதித்தால்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மாடிகள். கீழ்வீட்டுக்கு மட்டும் போட்ட அஸ்திவாரத்தின் மேல், ஆலைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடலாம் என்று பின்னாளில் ஒரு மாடி எழுகிறது. பிறகு இன்னொன்று. அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஆயிரம் கிலோ பாரம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரியும், கிரயம் தெரியும். அஸ்திவாரத்தின் ஆழம் தெரியாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம் (முஸ்லிம்). மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற எச்சரிக்கை அங்குதான் பிறந்தது. இந்த ஹதீஸை விற்பவருக்கான எச்சரிக்கையாக மட்டுமே நாம் படிக்கிறோம். நபியவர்கள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மேற்பரப்பைக் கண்டு அவர்கள் திருப்தி அடையவில்லை. ஓதம் படிந்த சுவரின் மேல் பூசிய புதுப் பெயிண்ட், ஈரத்தின் மேல் பரப்பிய உலர்ந்த தானியமேயாகும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்திலமைந்த ஹதீஸை ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆக, குறையை வெளிக்கொணரும் ஆய்வு விற்பவருக்கும் பரக்கத்தின் வாசலே.

நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் இதற்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு சட்ட ஆய்வும் உண்டு. காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு இருக்கிறது. அப்படியானால் ஒரு வீட்டை எவ்வளவு பார்த்தால் 'பார்த்தது' ஆகும்? முற்றத்தைப் பார்த்தாலே போதும் என்பது முந்தைய தீர்ப்பு. இமாம் ஸுஃபர் (ரஹ்) அவர்களோ அறைகளுக்குள் நுழைந்து பார்த்தாக வேண்டும் என்றார்கள். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஹிதாயாவை எழுதிய இமாம் மர்கீனானி (ரஹ்) இதை விளக்குகிறார்கள். முன்னோர் காலத்து வீடுகள் ஒன்றுபோல் இருந்தன, ஆகவே முற்றம் போதுமானதாயிற்று. இன்று வீடுகள் வேறுபடுகின்றன, ஆகவே உள்ளே சென்று பார்ப்பதே சரி என்பது அவர்கள் கருத்து.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டடங்கள் மாறியதால் பார்க்கும் முறையும் மாற வேண்டும் என்று நம் அறிஞர்கள் உணர்ந்திருந்தார்கள். இன்று வீட்டின் உயிர் கான்கிரீட்டுக்குள் மறைந்த கம்பியில் இருக்கிறது. அறைகளுக்குள் நுழைந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பதே நம் காலத்தின் 'பார்வை'.

நாட்டுச் சட்டமும் இதையே உணர்த்துகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 55, தனக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவரே கண்டிருக்கக் கூடிய குறைகளுக்கு அக்கடமை கிடையாது. கட்டமைப்புக் குறைகளை ஐந்தாண்டு வரை சரிசெய்து தர வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் புதிதாகக் கட்டி விற்கும் நிறுவனங்களுக்கே உரியது. தனிநபரிடம் வாங்கும் நாற்பது வயது வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் குடும்பங்களுக்கு இது ஏன் கூடுதல் அவசியம்?

வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மில் பல. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கடன் கொடுக்கும் வங்கி தன் பணத்தைக் காக்க ஒரு வழக்கறிஞரையும் ஒரு மதிப்பீட்டாளரையும் அனுப்புகிறது. அந்த மதிப்பீடு முழுமையான கட்டட ஆய்வு ஆகாது என்றாலும், வெளியாள் ஒருவரின் கண்ணாவது வீட்டின் மேல் படுகிறது. ரொக்கமாக வாங்கும் நமக்கு அதுவும் இல்லை.

அப்பணம் எப்படிச் சேர்ந்தது? வளைகுடாவில் கழிந்த ஆண்டுகள், மனைவியின் நகை, ஊரில் விற்ற துண்டு நிலம். முழுவதையும் வீட்டில் கொட்டிய பிறகு தளத்தில் விரிசல் கண்டால் பழுதுபார்க்கப் பணம் ஏது? வட்டியை விட்டு ஓடி வந்தவரை அதே வட்டிக்கடையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் வல்லமை ஒரு ஒழுகும் கூரைக்கு உண்டு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது இலட்சத்துக்கு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 3,60,000 ரூபாயை மறுபேச்சின்றிக் கட்டுகிறோம். பொறியாளரின் கட்டணம் இதில் ஒரு சிறு பகுதியே. அதைக் கொடுக்கத்தான் மனம் தயங்குகிறது.

ஆய்வில் எதைக் கேட்பது?

கொத்தனாரை அழைத்துச் சுவரைத் தட்டிப் பார்ப்பது ஆய்வு ஆகாது. தரகர் அழைத்து வரும் பொறியாளரும் வேண்டாம். நமக்காகப் பார்த்து, எழுத்தில் அறிக்கை தருபவராக அவர் இருக்க வேண்டும்.

முதலாவது அஸ்திவாரம். ஓரிடத்திலேனும் பக்கவாட்டில் குழி தோண்டி, அதன் ஆழத்தையும் அகலத்தையும் மண்ணின் தன்மையையும் பார்க்க வேண்டும். இன்றுள்ள மாடிகளை அது தாங்குமா என்பதற்கு நேரடி விடை வேண்டும். பழைய ஏரி, ஓடை இருந்த இடமா என்று வருவாய்த் துறையின் புல வரைபடத்தையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது விரிசல்கள். பூச்சில் முடிபோல ஓடும் விரிசல் பெரும்பாலும் கேடற்றது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப்போல் இறங்கும் விரிசல் அஸ்திவாரம் அமிழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். தளத்தின் அடியில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விழும் விரிசல் துருவைக் காட்டுகிறது. துருப்பிடித்த கம்பி பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே எத்தனை முறை பூசினாலும் அது நிற்காது.

மூன்றாவது கான்கிரீட். சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவை கட்டடத்தை உடைக்காமலே அதன் உறுதியை மதிப்பிட உதவும். ஐயம் இருந்தால் சிறு உருளை வடிவில் வெட்டியெடுத்துச் சோதிக்கலாம்.

நான்காவது தண்ணீர். குளியலறைச் சுவரின் மறுபுறம், மொட்டை மாடியின் ஓரங்கள், சம்ப், செப்டிக் டேங்க் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். இயன்றால் மழைக்காலத்தில் ஒருமுறை வீட்டைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் மழை குறைவு என்று சொல்ல இனி இயலாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது.

மின்கம்பிகளின் வயது, எர்த் இணைப்பு, மாடியின் கைப்பிடிச் சுவர் ஆகியவையும் அறிக்கையில் வரவேண்டும். தடுப்பு இல்லாத மாடியில் உறங்குபவருக்கு எவர் பொறுப்பும் இல்லை என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மார்க்கம் கவனிக்காமல் விட்ட சிறு விஷயம் எதுவுமில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு, நம் சமுதாயம் நிறைந்த ஊர். 2021 நவம்பர் 19 அன்று பெருமழையில் அங்கு வீடு இடிந்து விழுந்து 9 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இத்தகைய செய்தியைப் படித்து இன்னா லில்லாஹி சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம்.

விதியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பதே நமக்குக் கிடைத்த போதனை (திர்மிதி). மேலும், சாய்ந்த சுவரைப் பற்றி ஹனஃபி ஃபிக்ஹில் தனிப் பகுதியே உண்டு. எச்சரிக்கப்பட்ட பின்னும் அதை இடிக்காமல் விட்ட உரிமையாளர், அது விழுந்து ஏற்படும் இழப்புக்குப் பொறுப்பாவார். மாடியை வாடகைக்கு விடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். வீட்டை வாங்கும்போது அதில் குடியிருப்போரின் பாதுகாப்பும் அமானிதமாக நம்மிடம் வந்துசேர்கிறது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

"நம்பிக்கை இல்லையா?" என்ற சங்கடம் தனிமனிதரால் தீராது. அதை வழக்கமாக்கிவிட்டால் தானாகவே தீரும். நம் பிள்ளைகளில் பொறியாளர்கள் ஏராளம். அவர்களில் தகுதியானோரின் பட்டியலை ஒவ்வொரு ஜமாஅத்தும் வைத்திருக்கலாம். ஆய்வில் பெருங்குறை தெரிந்தால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற ஒரு வரியைக் கிரய ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லலாம். தெரிந்த குறைகளை விற்பவரே எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் பழக்கத்தை ஜும்ஆ உரைகளில் வலியுறுத்தலாம். எல்லோரிடமும் கேட்கப்படும்போது எவருக்கும் அது அவமானமாகத் தோன்றாது.

என் மைத்துனர் கதையின் முடிவைச் சொல்லி நிறைவு செய்கிறேன். சமையலறைத் தளத்தின் கம்பிகள் துருப்பிடித்து, பூச்சு உள்ளே கழன்றிருந்தது. இரண்டாம் மாடியின் பாரத்தை அஸ்திவாரம் தாங்காது என்றும், அதை உடனே காலிசெய்ய வேண்டும் என்றும் அறிக்கை வந்தது. கிரயம் நின்றது. வீட்டுக்காரர் சில வாரங்கள் எங்களோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே வந்து அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிச் சென்றார். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அவருடைய பேரப்பிள்ளைகள் உறங்குகிறார்கள். இப்போது மாடியில் ஆளில்லை, பழுது வேலை நடக்கிறது.

அல்லாஹ் நம் இல்லங்களை அமைதி தரும் இடங்களாக ஆக்கி, நம் வணிகங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.