புகையா, கைவிளக்கா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

மாலையில் எங்கள் தெருவுக்கு நகராட்சியின் புகை மருந்து இயந்திரம் வந்துவிட்டால் ஒரு சிறு திருவிழாவே நடக்கும். சிறுவர்கள் அதன் பின்னால் கூச்சலிட்டு ஓடுவார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று, “இப்பத்தான் வேலை செய்யுதாவ” என்று பாராட்டுவார்கள். பாராட்டிய கையோடு உள்ளே போய்ச் சன்னல்களை இறுக அடைத்துக்கொள்வார்கள்!

அதே தெருவுக்கு வாரம் ஒருமுறை காலையில் இன்னொருவர் வருகிறார். கையில் ஒரு டார்ச் விளக்கு. தோளில் ஒரு பை. பையில் அபேட் மருந்துப் புட்டி, ஒரு வடிகட்டி, சுவரில் தேதி எழுதச் சாக்பீஸ். “தண்ணித் தொட்டியப் பாக்கணும்” என்பார். “நேத்துதான வந்திய, இன்னிக்கும் என்ன?” என்று உள்ளிருந்து குரல் வரும். சென்ற வாரம் வந்ததைத்தான் நேற்று என்கிறார்கள். சில வீடுகளில் அந்தக் குரலும் வராது.

அவர் என் தாயார்.

இதை எழுத எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. நான் முதலாண்டு படித்தபோது ஒருநாள் அவர் நம் கல்லூரிக்கே வந்தார். விடுதியின் பின்புறத் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “கொசு மருந்து அம்மா வந்தாச்சு” என்று நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். அன்றிரவு சோறு போடும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “ஒங்க காலேஜ் தொட்டியில புழு கெடக்கு.”

இந்த ஆண்டு வகுப்பில் ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசுவைப் பற்றிப் படித்தபோது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தாயாருக்கு அதில் பாதிக்கு மேல் முன்பே தெரியும் என்று கண்டேன். டெங்குவைப் பரப்பும் இந்தக் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைத்த தெளிந்த நீரையே நாடுகிறது. பகலில் கடிக்கிறது. கட்டிலுக்கு அடியிலும், தொங்கவிட்ட துணிகளின் மறைவிலும் ஒதுங்குகிறது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை வந்து கதவைத் தட்டுவது ஏன் என்ற கேள்விக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

தெருவில் போகும் புகையோ பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீருக்குள் நெளியும் புழுவை அது தொடுவதில்லை. அடைத்த சன்னலுக்குள் கட்டிலடியில் இருக்கும் கொசுவுக்கும் அதனால் கவலை இல்லை. புகையே வீண் என்று நான் சொல்லவில்லை. 1901இல் கியூபாவின் ஹவானா நகரில் இதே கொசு பரப்பிய மஞ்சள் காய்ச்சலை அடக்கிய அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கார்காஸ், நோயாளிகள் இருந்த வீடுகளுக்குள் புகை போடச் செய்தார். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. ஆட்களை வீடு வீடாக அனுப்பித் தண்ணீர்ப் பீப்பாய்களை மூடவைத்தார். தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றச் செய்தார். ஓராண்டுக்குள் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் ஓய்ந்தது. நாம் அந்த வேலையின் ஓசையுள்ள பாதியை மட்டும் தெருவுக்குக் கொண்டுவந்து, ஓசையில்லாத பாதிக்குக் கதவைச் சாத்துகிறோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. இந்தியாவிலேயே முதலாவதாகப் பொதுச் சுகாதாரத்திற்கென ஒரு முழுச் சட்டம் இயற்றியது நம் மாகாணம்தான், 1939இல். கொசு வளரும்படி நீரைத் தேங்கவிடுவதைத் தடுக்கும் பிரிவுகள் அதிலேயே உண்டு. அப்படியிருந்தும் 2012இல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2017இல் தாக்கப்பட்டோர் 23 ஆயிரத்துக்கும் மேல்.

இங்கே மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் நான்கு நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வது? குழாயில் நீர் விடுவதும் நகராட்சி. டிரம்மில் புழு இருந்தால் அபராதம் போடுவதும் நகராட்சி! அந்த வாக்குவாதத்தில் திட்டு வாங்குபவர் மட்டும் டார்ச் விளக்கோடு போனவர்.

அவருடைய வேலை நிலை என்ன? ஒப்பந்தத்தில் நாட்கூலி. வராத நாளுக்குக் காசில்லை. மழைக்காலம் முடிந்து காய்ச்சல் குறைந்தால் ஆட்களையும் குறைக்கிறார்கள். சென்ற தை மாதத்தில் நின்ற வேலைக்கு என் தாயாரை மீண்டும் ஆடியில்தான் அழைத்தார்கள். விலங்கியல் மாணவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி நீர் ஏறினால் பொரியும். ஆகவே தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைச் சொல்லித் தர ஏற்ற காலம் கோடைதான். அந்தக் கோடையில்தான் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கொசுவுக்குக் கோடை விடுமுறை இல்லை என்றால் கொசு ஒழிப்பவருக்கு மட்டும் ஏன்? ஆண்டு முழுவதற்கும் அவர்களைப் பணியில் வைக்க வேண்டும் என்பது என் துணிபு. மகன் பேச்சு என்று யாரேனும் தள்ளினால், முட்டைக் கணக்கையாவது பாருங்கள்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரம் நடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மாதம் ஒரு காலையேனும் இந்தப் பெண்களோடு ஒரு தெருவில் நடந்து பாருங்கள். கல்லூரி மாணவர் கூட நின்றால் திறக்கும் கதவுகள் சில உண்டு. சென்ற கார்த்திகையில் நானும் என் வகுப்புத் தோழர் இருவரும் அம்மாவோடு போனோம். ஐம்பது வீடுகளில் எட்டில் புழு இருந்தது. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டில். அம்மா என்னிடம் டார்ச்சைக் கொடுத்து, “நீயே காட்டு” என்றார்.

விடுதித் தொட்டிக்கு மூடி கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இந்தக் கட்டுரையை இதழ்க் குழுவிடம் தரும் நாள் வரை மூடி வரவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் மூவர் அதை இறைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். நான்காவதாக ஒருவர் வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.