துப்பாக்கி உரிமம்: தேவையை மட்டும் பார்த்தால் போதுமா?

2014 மார்ச் 17 அன்று நெய்வேலி இரண்டாம் சுரங்க நுழைவாயிலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், காவல் பணியில் இருந்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரருக்கும் இடையே வாக்குவாதம் மூண்டது. அதன் முடிவில் துப்பாக்கி வெடித்தது; தொழிலாளி உயிரிழந்தார். கொதித்தெழுந்த தொழிலாளர்களின் போராட்டமும் தடியடியும் நகரியத்து மக்களுக்கு இன்றும் நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று கல்பாக்கத்தில் அதே படையைச் சேர்ந்த தலைமைக் காவலர் ஒருவர் தம்முடன் பணிபுரிந்த மூவரைச் சுட்டுக் கொன்றார்.

சுட்ட இருவருமே சீருடையில் இருந்தவர்கள். முறையான ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கே இந்நிலை என்றால், தற்காப்புக்கென உரிமம் பெற்று இடுப்பில் கைத்துப்பாக்கி செருகிக்கொள்ளும் குடிமகனிடம் அரசு எதைச் சோதித்துப் பார்க்கிறது?

நெய்வேலியில் வசிப்பவர் துப்பாக்கி உரிமம் கோரினால், அது கடலூர் மாவட்ட ஆட்சியரின் பார்வைக்குச் செல்லும். சென்னை போன்ற மாநகரங்களில் இந்த அதிகாரம் காவல் ஆணையரிடம் இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து விசாரணை அறிக்கை வர வேண்டும். குற்ற வழக்கு உண்டா, உயிருக்கோ உடைமைக்கோ அச்சுறுத்தல் உண்டா, தொழிலின் தன்மை என்ன என்பவையே அந்த அறிக்கையின் மையம். வங்கிக் காவலர் வேலையை எதிர்பார்க்கும் முன்னாள் படைவீரர், நகை வணிகர், பெரிய ஒப்பந்ததாரர் எனத் தேவையைக் காட்டக்கூடியவர்கள் உண்டு. தேவையைவிட மிடுக்குக்காகவே கேட்பவர்களும் உண்டு என்பதை ஊரறியும்.

தேவையை நிரூபிக்கச் சொல்வது சரியான கொள்கையே. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் இந்தியர்களின் கையைக் கட்டிப்போட்ட ஆங்கில அரசை எதிர்த்து, 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கோரியது. ஆனால், விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. கூடுவதற்கான உரிமையைக்கூட 'ஆயுதமின்றி' என்ற நிபந்தனையுடன்தான் வழங்கியது. அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். தக்க காரணம் காட்டினால்தான் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லலாம் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2022 ஜூனில் செல்லாது என்று அறிவித்தது. நியூயார்க் இழந்த அந்த நிபந்தனை, கடலூர் ஆட்சியரிடம் இன்னும் இருக்கிறது. அதைக் காத்துக்கொள்வது நமக்கு நல்லது.

ஆனால், தேவை என்பது ஒன்று. தகுதி என்பது வேறு. அச்சுறுத்தல் உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அந்த மனிதரின் கை நடுங்காது என்றோ, கோபம் தலைக்கேறாது என்றோ பொருளில்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதை உணர்ந்தே பாதுகாப்புப் பயிற்சியை நிபந்தனையாக்கின. கையாளும் முறை, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாகப் பூட்டி வைத்தல், சட்ட அறிவு ஆகியவை அதில் அடங்கும். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ வைத்து முழுவதும் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், திருமணம், ஊர்வலம் போன்றவற்றில் வெளியே எடுத்துக் காட்டவோ சுடவோ கூடாது என்றும் விதி இருக்கிறது. கொண்டாட்டத்தின்போது பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுட்டால் ஈராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தையோ மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. குறைத்ததை வரவேற்கலாம், நீட்டியதை வரவேற்க முடியவில்லை. ஐந்தாண்டில் ஒரு மனிதர் மதுவுக்கு அடிமையாகலாம், கடனில் மூழ்கலாம், மனம் உடைந்து போகலாம்.

கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் முதலில் கற்க வேண்டியது குறி பார்ப்பதன்று; விலகிச் செல்வது. வண்டி நிறுத்துமிடத் தகராறில், நிலத்தகராறில், குடும்பச் சண்டையில் அவர்தான் முதலில் பின்வாங்கியாக வேண்டும். ஏனெனில், அவர் ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் அதன் விலை ஓர் உயிராகிவிடலாம். சட்டமும் அதையே சொல்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. கூடவே, தேவைக்கு மிஞ்சிய தீங்கு விளைவிக்கக் கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும் வரையறுக்கின்றன. மந்தாரக்குப்பத்திலும் நகரியத்திலும் காவல் நிலையங்கள் அருகிலேயே இருக்க, சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் தனிப்படை காக்கும் ஊரில், 'அவகாசமே இல்லை' என்ற வாதத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது எளிதாக இராது.

கனடாவில் துப்பாக்கி உரிமம் கேட்பவரின் வாழ்க்கைத் துணைக்கும், கடந்த ஈராண்டுக்குள் பிரிந்த துணைக்கும் அந்த விண்ணப்பம் தெரியவர வேண்டும். வீட்டுக்குள் அச்சத்தோடு வாழ்பவர் யார் என்பது காவல் நிலையப் பதிவேட்டில் இராது, மனைவிக்குத் தெரியும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வாங்கியது வீட்டில் இருப்பவர்மீதே திரும்புகிறது. நம் விசாரணையில் குடும்பத்தாரைத் தனியே கேட்கும் நடைமுறையைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை.

மறு ஆய்வுக்கு ஐந்தாண்டு காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கு முன்பும் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்டு, தேர்தல் முடிந்த பின் திருப்பித் தரப்படுகின்றன. துப்பாக்கியும் உரிமையாளரும் ஒரே நேரத்தில் காவல் நிலையத்துக்கு வரும் நாள் அது. இப்போது அன்றைக்கு ரசீது மட்டும் கைமாறுகிறது. தோட்டாக்களின் கணக்கைச் சரிபார்ப்பதையும், கையாளும் முறையை ஒரு முறை செய்துகாட்டச் சொல்வதையும், வீட்டாரிடம் பேசுவதையும் அன்றே தொடங்கலாம். இதற்கு மாவட்ட நிர்வாகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.