நான்கு வாரம் போதாது

ஒரு தமிழ்ப் படத்தின் தலைவிதி இன்று வெள்ளிக்கிழமை மதியக் காட்சி முடிவதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது. ஞாயிறு இரவுக்குள் வசூல் போஸ்டர் வந்துவிடும். திங்கள் காலைக் காட்சியில் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். அடுத்த வெள்ளி புதுப் படங்கள் வந்ததும் பாதித் தியேட்டர்களிலிருந்து படம் தூக்கப்படும். நான்கு வாரம் முடிந்தால் அது கைப்பேசிக்கு வந்துவிடும். மக்கள் சோம்பேறியாகிவிட்டார்கள், தியேட்டருக்கு வருவதில்லை என்று திரைத்துறையினர் மேடைதோறும் குறைபட்டுக்கொள்கிறார்கள். இந்தக் குறையை நாம் ஏற்க முடியாது. வார இறுதி மூன்று நாட்களுக்குள் படத்தின் ஆயுளைச் சுருக்கியது தயாரிப்பாளர்களும் ஓடிடி நிறுவனங்களும் கையெழுத்திடும் ஒப்பந்தம். அதிலுள்ள நான்கு வாரம் எட்டு வாரமாக வேண்டும். பெரிய படம், சிறிய படம் என்ற பேதம் இல்லாமல் எல்லாப் படங்களுக்கும் அது பொருந்த வேண்டும்.

நான்கு வாரம் என்பது கொரோனா காலத்தின் மிச்சம். 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோது தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு தீபாவளிக்கு ‘சூரரைப் போற்று’வும் அதே வழியில் வந்தது. அரங்குகள் முடங்கிக் கிடந்த நேரத்தில் தயாரிப்பாளர்கள் வேறு வழி தேடியதைத் தவறென்று சொல்ல முடியாது. 2021 பொங்கலுக்குப் பாதி இருக்கைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட நிலையில் வந்த ‘மாஸ்டர்’ தியேட்டர்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஆனால் ஜனவரி 13-இல் திரைக்கு வந்த அந்தப் படம் 29-ஆம் தேதி பிரைமுக்கு வந்துவிட்டது. நெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு நெருக்கடி தீர்ந்த பின்னும் நீடித்து, வழக்கமாகி, இன்று உரிமையாகவே கோரப்படுகிறது.

இந்தி வட்டாரம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. எட்டு வார இடைவெளி இல்லாத படத்தைத் திரையிட மாட்டோம் என்று தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் உறுதியாக நின்றன. 2023-இல் ‘லியோ’ படத்தின் இந்திப் பதிப்பு அந்த அரங்குகளில் வெளியாகாமல் போனதற்கு அதுவே காரணம். அதே நிறுவனங்கள் சென்னையில் நான்கு வாரப் படங்களைத் தடையில்லாமல் ஓட்டுகின்றன. கேரளத்தின் தியேட்டர் உரிமையாளர் அமைப்பான ஃபியோக் 42 நாள் இடைவெளிக்காகப் புதுப் படங்களைத் திரையிட மறுக்கும் அளவுக்குப் போனது. பிரான்சில் 2022 முதல் நெட்ஃபிளிக்ஸ் 15 மாதம் காத்திருக்க வேண்டும். நாம் கேட்பது இரண்டு மாதம்தான்.

இந்த இரண்டு மாதம் ஏன் முக்கியம் என்பதற்குத் தியேட்டரின் கணக்கைப் பார்க்க வேண்டும். முன்னணி நட்சத்திரத்தின் படம் என்றால் முதல் வார வசூலில் பெரும் பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். வாரங்கள் கடக்கக் கடக்கத்தான் தியேட்டரின் பங்கு உயரும். மூன்றாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள்தான் கேன்டீனுக்கும் பார்க்கிங்குக்கும் வருமானம் தருகிறார்கள். முன்பு சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடிந்த படம் ஷிஃப்டிங்காகச் சிற்றூர்களுக்குப் போகும். ஆறு மாதம் கழித்து வந்தாலும் அங்கே அது புதுப் படம்தான். இன்று எல்லா ஊரிலும் ஒரே நாளில் ரிலீஸ். பி, சி சென்டர்கள் எனப்படும் சிறு ஊர்களின் தியேட்டர்காரர் மினிமம் கேரண்டியாக ஒரு தொகையை முன்கூட்டியே கட்டிப் படத்தை எடுத்து, போட்ட பணத்தை மூன்றே நாளில் மீட்கப் பார்க்கிறார். லாபம் பார்க்க வேண்டிய வாரங்களில் படம் ஓடிடிக்குப் போகும் தேதி அறிவிக்கப்பட்டிருக்கிறது. இன்னும் பத்து நாள் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்று கணக்குப் போடும் குடும்பத்தைக் குறை சொல்ல நமக்கு எந்த நியாயமும் இல்லை.

நட்சத்திரம் இல்லாத படங்களுக்குத்தான் இதில் அடி பலமாக விழுகிறது. பெரிய நடிகரின் படத்துக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்பே கூட்டம் தயார். சிறிய படத்துக்குப் படம் பார்த்தவர்கள்தான் கூட்டத்தைத் திரட்டித் தர வேண்டும். ஒருவர் பார்த்து, வீட்டில் சொல்லி, வீட்டார் பக்கத்து வீட்டில் சொல்லி, அவர்கள் கிளம்பி வருவதற்கு நாள் பிடிக்கும். 2025 மே முதல் நாள் ‘ரெட்ரோ’வுடன் சேர்ந்து வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ அப்படித்தான் அடுத்தடுத்த வாரங்களில் வளர்ந்தது. 2024-இல் ‘லப்பர் பந்து’ ஏறக்குறைய ஆறு வாரம் திரையில் மட்டுமே இருந்தது. அந்தக் கூடுதல் நாட்கள் அதற்குப் பயன்பட்டன. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ ஓடிடிக்கு வரப் பத்து வாரத்துக்கும் மேலானது. மலையாளப் படமாக இருந்தும் வறண்டு கிடந்த தமிழ்நாட்டுத் தியேட்டர்களை அந்த ஆண்டின் தொடக்கத்தில் அதுதான் நிரப்பியது. மாறாக, செப்டம்பர் 27-இல் வந்த ‘மெய்யழகன்’ அக்டோபர் 25-இலேயே நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. அதைக் கண்ணீரோடு கொண்டாடிய பலரும் வீட்டில் பார்த்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினராவது தியேட்டரில் பார்த்திருக்க வேண்டிய படம் அது என்ற ஆதங்கம் நமக்கு இன்னும் தீரவில்லை.

தியேட்டர் ஆசை மக்களுக்கு வற்றிவிடவில்லை. தொலைக்காட்சியில் இருபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ‘கில்லி’யை 2024 ஏப்ரலில் மறுபடி திரையிட்டபோது திரண்ட கூட்டமே சாட்சி. கொண்டாட வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள். புது இயக்குநரின் முதல் படத்துக்கு அந்த வசதி கிடையாது. அதற்குத் தேவை அவகாசம்.

தயாரிப்பாளர்களின் பயத்தையும் நாம் புறந்தள்ளவில்லை. எட்டு வாரம் என்றால் ஓடிடி விலை குறையும் என்கிறார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் ஓடிடி நிறுவனங்கள் அள்ளிக் கொடுத்த ஆண்டுகளில் அந்தப் பணம் எங்கே போனது? பெரும்பகுதி நட்சத்திரச் சம்பளத்துக்குப் போனது. இப்போது அந்த நிறுவனங்கள் கையைச் சுருக்கிக்கொண்டன. எதை வாங்குவது, எந்தத் தேதியில் படம் வரவேண்டும் என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. ஆண்டுக்கு இருநூறுக்கு மேல் வெளியாகும் தமிழ்ப் படங்களில் பலவற்றை எந்த ஓடிடியும் வாங்குவதே இல்லை. சில பெரிய படங்களின் விலைக்காக மொத்தத் துறையின் சந்தையையும் சுருக்குவது நியாயமல்ல. விலை குறைந்தால் சம்பளம் குறையட்டும்.

2024 ஜூலையில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர் உரிமையாளர் சங்கங்கள் கூடி, முன்னணி நடிகர்களின் படங்களை எட்டு வாரம் கழித்தே ஓடிடியில் வெளியிட வேண்டும் என்று தீர்மானம் போட்டன. அதன்பின் வந்த ‘கோட்’டும் ‘வேட்டையனும்’ நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்தன. பழைய ஒப்பந்தங்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஓராண்டு கழித்து ‘கூலி’யும் ஆகஸ்ட் 14-இல் வந்து செப்டம்பர் 11-இல் பிரைமுக்குப் போனதே! எட்டு வாரம் என்று முன்கூட்டியே அறிவித்து நல்ல முன்மாதிரியாக வந்த ‘தக் லைஃப்’, எதிர்பார்த்தபடி ஓடாததால் நான்கு வாரத்திலேயே நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. ஓடாத படத்தைப் பிடித்துவைத்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓடாவிட்டால் விலக்கு என்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்வையாளர் பொறுத்துப் பார்ப்பார், சற்றே சுமாராக இருந்தாலும் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடும் என்று. தோற்ற படத்துக்கும் பொருந்தினால்தான் அது விதி.

தியேட்டர்காரர்களுக்கும் இதில் கடமை உண்டு, முதலில் டிக்கெட் விலையில். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தன் கைப்பேசித் திட்டத்தை மாதம் 149 ரூபாய்க்குக் குறைத்தது. தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட்டின் உச்ச விலை, வரி நீங்கலாக, 2017 அரசாணைப்படி 150 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வரியோடு டிக்கெட்டே எழுநூறைத் தாண்டும். முன்பதிவுக் கட்டணமும் பாப்கார்னும் தனி. உள்ளாட்சிக் கேளிக்கை வரியை மாநில அரசு 2025-இல் 8 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்தது. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி அதே ஆண்டு செப்டம்பர் முதல் 5 விழுக்காடு மட்டுமே. அதற்கு மேலே 18. திங்கள் முதல் வியாழன் வரை டிக்கெட்டை 100 ரூபாய்க்குள் வைத்தால் வரிச் சலுகை முழுதும் பார்வையாளருக்குப் போகும், காலி இருக்கைகளும் நிரம்பும். எட்டு வாரம் கேட்கும் தியேட்டர்காரர் சிறிய படத்தை இரண்டாம் வெள்ளியிலேயே தூக்குவதையும் நிறுத்த வேண்டும். குறைந்தது இரண்டு வாரம், ஒரு மாலைக் காட்சியாவது தர வேண்டும்.

சென்னை அசோக் நகரில் 1983 முதல் இயங்கிய உதயம் தியேட்டர் மூடப்பட்டுவிட்டது. அப்படி மூடப்படும் ஒவ்வொன்றும் நாளைய படத்துக்கு ஒரு திரை குறைவு. தயாரிப்பாளர் சங்கம் 2024 தீர்மானத்தை எல்லாப் படங்களுக்கும் விரித்து, இனி எழுதப்படும் ஒவ்வோர் ஓடிடி ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும். மீறுவோரின் அடுத்த படத்துக்குத் திரை இல்லை என்று தியேட்டர் சங்கம் அறிவிக்க வேண்டும். ரிலீஸ் தேதியையே மாற்றும் செல்வாக்குள்ள முன்னணி நடிகர்கள், தங்கள் படம் எட்டு வாரம் தியேட்டரில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதைக் கால்ஷீட் தரும்போதே நிபந்தனையாக வைக்க வேண்டும்.