வைஃபை வராத சுதந்திரம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், பட்டியலில் உள்ள புரொசசரும் வேண்டும். வட்டவளையில் ஏ.எல். படிக்கும் பிள்ளை செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய லெப்டொப்புக்கு என்ன வழி? கம்ப்யூட்டர் தெரிஞ்ச அண்ணாமாரிடம் பதில் ரெடி: "லினக்ஸ் போடு, ஃப்ரீதானே!"

போடலாம். போட்ட பிறகு வைஃபை வரலைன்னா?

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கேர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனாலும் ஒரே லெப்டொப்பில் ஒரு டிஸ்ட்ரோவில் வைஃபை வரும், இன்னொன்றில் வராது. கேர்னல் எவ்வளவு புதியது என்பது ஒரு காரணம். சிப்புக்குத் தேவையான மூடிய ஃபர்ம்வேரையும் டிரைவரையும் டிஸ்ட்ரோ கையோடு தருகிறதா என்பது மற்றது. பழைய லெப்டொப்பைப் படுத்துவது இந்த இரண்டாவதுதான்.

டெபியன் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில்தான் மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டோலரில் சேர்த்தது. பெடோராவில் சில பிராட்காம் சிப்களுக்கான டிரைவரை ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து எடுக்கணும். டிரிஸ்குவெல் கொள்கையாகவே தராது.

டிரைவரை இறக்க இன்டர்நெட் வேணும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேணும். வைஃபைக்கு டிரைவர் வேணும். கொழும்பில் ரவுட்டரில் கேபிளைக் குத்தித் தப்பிக்கலாம். லயத்தில் ரவுட்டர் எங்கே இருக்கு? ஃபோன் ஹொட்ஸ்பொட்தான் எல்லாம்.

மூடிய மென்பொருளை எதிர்ப்பது சரிதான். டிரைவரைத் திறந்து தராத சிப் கம்பனிதான் முதல் குற்றவாளி. ஆனா அந்தச் சண்டைக்கான செலவைத் தோட்டத்துப் பிள்ளை ஏன் கட்டணும்?

லினக்ஸ் மின்ட் 21.1ஐப் பாருங்க. இணையம் இல்லையென்றால், இன்ஸ்டோல் பண்ணிய யூஎஸ்பியிலிருந்தே டிரைவரை எடுத்துக்கொள்ள அதன் டிரைவர் மேனேஜர் வழி தருகிறது. இணையம் இல்லாதவரையும் யாரோ கணக்கில் எடுத்திருக்காங்க. ஒரு டிஸ்ட்ரோவை நாம் அளக்க வேண்டியது இதை வைத்துத்தான்.

லினக்ஸ் பரப்பும் தோழர்களே, இன்ஸ்டோல் பண்ணும் முன் லைவ் யூஎஸ்பியில் பூட் பண்ணி வைஃபை, சவுண்ட் இரண்டையும் சோதியுங்க. வரலைன்னா, ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் பண்ணிக் காட்டுங்க. டிரைவர் ஏறும்வரை பக்கத்தில் நில்லுங்க. வைஃபை இல்லாமல் கொடுத்துட்டுப் போற லினக்ஸ், அடுத்த வாரமே டவுனில் ஏதாவது ஒரு கடையில் திருட்டு விண்டோஸாக மாறிவிடும். அதுக்கும் அந்தப் பிள்ளைதான் காசு கொடுக்கும்.