கைமாறும் ரயிலும் காத்திருக்கும் பயணியும்

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. லண்டனிலிருந்து தென்மேற்கே ஓடும் சவுத் வெஸ்டர்ன் ரயில் சேவை அன்றுதான் தனியாரிடமிருந்து பிரிட்டன் அரசின் கைக்கு வந்தது. லேபர் அரசின் புதிய சட்டப்படி அரசுடைமையான முதல் சேவை அது. வோக்கிங் நிலையத்தில் 5.36-க்குப் புறப்படும் முதல் வண்டியைப் பிடிக்கப் பத்திரிகையாளர்களும் ரயில் ஆர்வலர்களும் தூக்கம் விட்டு வந்திருந்தார்கள். பாதையில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்ததால் பயணத்தின் ஒரு பகுதியை மாற்றுப் பேருந்தில் முடிக்க வேண்டியிருந்தது.

விடுமுறை நாட்களை ஒட்டித் தண்டவாள வேலைகளை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அதில் புதிய நிர்வாகத்தின் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பயணிகளிடம் தெரிந்தது கொண்டாட்டத்தைவிடச் சந்தேகம்தான். டிக்கெட் விலை குறையுமா, வண்டி நேரத்துக்கு வருமா, உட்கார இடம் கிடைக்குமா? நிறுவனம் யாருடையது என்பது இந்த மூன்றுக்கும் பிறகுதான். இத்தகைய சந்தேகத்தை அதிகாரிகள் பலர் அவநம்பிக்கை, குறைசொல்லும் குணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. பலமுறை ஏமாந்து கற்றுக்கொண்ட பாடம் அது. ரயில் சேவையை ஏற்க வரும் எவரும் முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டியது அதைத்தான். வட இங்கிலாந்தில் நடந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும்.

1990-களில் பிரிட்டிஷ் ரயில்வே தனியார்மயமானபோது ஒன்றாக இருந்தது பல துண்டுகளாகியது. தண்டவாளமும் சிக்னலும் ஓர் அமைப்பிடம் போயின. பெட்டிகள், அவற்றை வாடகைக்கு விடும் நிறுவனங்களின் சொத்தாயின. வண்டி ஓட்டும் உரிமை மட்டும் சில ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டது. குத்தகை முடிந்து இன்னொரு நிறுவனம் வந்தபோதெல்லாம் ஓட்டுநர், கார்டு, பணிமனைத் தொழிலாளி எல்லோரும் பழைய வேலை ஒப்பந்தத்தோடு அப்படியே புதிய முதலாளியிடம் மாறினார்கள். வண்டியும் அதேதான், தண்டவாளமும் அதேதான். நிறமும் சீருடையும் இணையதளமும்தான் புதியவை. முதல் வாரத்திலேயே பயணிக்கு இது தெரிந்துவிட்டது.

மான்செஸ்டர், லீட்ஸ், லிவர்பூல், நியூகாசில் ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களை இணைக்கும் சேவைக்கு 'நார்தர்ன்' என்று பெயர். 2004-ல் அதன் குத்தகை செர்கோ நிறுவனத்துக்கும் நெதர்லாந்து ரயில்வேயின் துணை நிறுவனம் ஒன்றுக்கும் கூட்டாகப் போனது. பயணிகள் எண்ணிக்கை கூடாது என்ற அனுமானத்தில் அரசே எழுதிய ஒப்பந்தம் அது. கூடுதல் பெட்டிக்கு அதில் இடமே இல்லை. கூட்டமோ ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 2016 ஏப்ரல் 1-ல், அப்போது ஜெர்மன் ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த அரைவா நிறுவனம் வந்தது. புதிய வண்டிகள், கூடுதல் சேவைகள், 2019 முடிவதற்குள் 'பேசர்' வண்டிகளுக்கு விடை என்று வாக்குறுதிகளோடுதான் வந்தது.

பேசர் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-களில் கையில் காசில்லாத பிரிட்டிஷ் ரயில்வே, லேலண்ட் பேருந்தின் உடலை எடுத்து, சரக்கு வேகனுக்குரிய நான்கு சக்கர அடிச்சட்டத்தின் மேல் பொருத்தி ஓடவிட்ட வண்டி அது. வழக்கமான ரயில் பெட்டியின் இரு முனையிலும் சுழலும் சக்கரத் தொகுதி இருக்கும். பேசரில் அது கிடையாது. அதனால் வளைவில் திரும்பும்போதெல்லாம் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் காதைக் கிழிக்கும். தண்டவாள இணைப்புகளில் பெட்டி மேலும் கீழும் குதிக்கும். 'தலையாட்டும் கழுதை' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளே பேருந்து இருக்கை, பேருந்துக்கு உள்ளதுபோல் மடங்கும் கதவு. தற்காலிக ஏற்பாடாக வந்த இந்த வண்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அந்த முப்பது ஆண்டில் நிறுவனங்கள் மாறின, நிறங்கள் மாறின. வேலைக்குப் போகும் ஒருவர் காலையில் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் வருவது அதே பேசர். புதிய நிறுவனம் வருகிறது என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்?

நம்பாதது சரிதான் என்று 2018 மே 20 காட்டிவிட்டது. அன்று நாடு முழுக்கப் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மான்செஸ்டருக்கும் பிரஸ்டனுக்கும் இடையில் முடிந்திருக்க வேண்டிய மின்மயமாக்கல் முடியவில்லை. அதை நம்பி வகுத்த அட்டவணையைக் கடைசி நேரத்தில் அவசர அவசரமாகத் திருத்தினார்கள். புதிய தடங்களில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவகாசம் இல்லாமல் போயிற்று. வண்டி இருந்தும் ஓட்ட ஆளில்லை. நிலைமை மோசமாக இருந்த நாட்களில் நார்தர்ன் சேவையில் மட்டும் ஒரே நாளில் 310 ரயில்கள் வரை ஓடவில்லை. ஜூன் 4 முதல், தினசரி 165 சேவைகளை நீக்கி இடைக்கால அட்டவணை போட்டார்கள். ஏரி மாவட்டத்துக்குள் போகும் விண்டர்மியர் கிளைப்பாதையில் நார்தர்ன் வண்டி வாரக்கணக்கில் நின்றுபோனது. சுற்றுலாக் காலத்தில் அந்த ஊரே தவித்தது. கடைசியில் பழம்பெரும் வண்டிகளை இயக்கும் தனியார் நிறுவனம் ஒன்றுதான் அங்கே தற்காலிகமாக ரயில் விட்டது.

தேர்வுக்குப் போக வேண்டிய மாணவர்களும் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டிய பெற்றோரும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றோடொன்று போட்டி போடும் வட இங்கிலாந்துச் செய்தித்தாள்கள் இருபதுக்கும் மேற்பட்டவை ஜூன் மாதம் ஒரே நாளில், ஒரே குரலில் பிரதமர் தெரசா மேயிடம் நடவடிக்கை கோரின. பயணிகளின் கோபம் எவ்வளவு பெரிது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோபத்தைக் கூட்டியது இன்னொன்று: பதில் சொல்ல ஆள் இல்லை. நிறுவனம் தண்டவாள அமைப்பைக் காட்டியது. தண்டவாள அமைப்பு திட்டத் தாமதத்தைக் காட்டியது. அன்றைய போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரெய்லிங், ரயில்வேயை நடத்துபவர் தான் அல்ல என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ரயில் ஒழுங்குமுறை ஆணையத்தின் அப்போதைய தலைவர் ஸ்டீபன் கிளேஸ்டர் தலைமையில் நடந்த விசாரணையும் இதையே உறுதிசெய்தது. சிக்கல் முற்றிக்கொண்டிருந்தபோது யாரும் பொறுப்பை ஏற்று முன்னால் வரவில்லை என்பதுதான் அதன் முக்கியக் கண்டறிதல். டிக்கெட்டுக்குப் பணம் வாங்க ஆள் இருந்தது. தவறுக்கு உரியவர் மட்டும் இல்லை.

2020 மார்ச் 1-ல் அரைவாவிடமிருந்து சேவையை அரசு எடுத்துக்கொண்டது. நார்தர்னின் கடைசிப் பேசர்கள் அந்த ஆண்டின் இறுதியில்தான் ஓய்வுபெற்றன. அரசு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில்களின் நிலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மான்செஸ்டர் பக்கத்துக் கார்டுகளுக்கு ஞாயிறு கட்டாய வேலைநாள் அல்ல. விருப்பம் இருந்தால் கூடுதல் சம்பளத்துக்கு வரலாம், வராவிட்டால் யாரும் கேட்க முடியாது. பென்னைன் மலைக்குக் கிழக்கே, யார்க்‌ஷயர் பக்கத்தில் ஒப்பந்தம் வேறு. முன்பு வெவ்வேறு நிறுவனங்களாக இருந்தவற்றை 2004-ல் இணைத்தபோது ஒப்பந்தங்களை ஒன்றாக்காமல் விட்டதன் விளைவு இது. செர்கோ கூட்டு நிறுவனம், அரைவா, அரசு என்று மூவரும் அதைக் கைமாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் அரசு ஏற்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் ஞாயிறு மாலை மான்செஸ்டரில் அறிவிப்புப் பலகை முழுக்க 'ரத்து' என்று மின்னிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் வட இங்கிலாந்து மேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்த நிர்வாகம், ஊழியர்களுக்குத் தகவல் அனுப்ப இன்னமும் ஃபேக்ஸ் இயந்திரத்தைப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டது. தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட பழைய உடன்பாடு அப்படி.

அதே மாதத்தில் இன்னொரு செய்தி. இளைஞர் சலுகை அட்டைக்குக் காலை பத்து மணிக்கு முன் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்ற பொடி எழுத்து விதியைக் கவனிக்காமல், வெறும் 1.90 பவுண்டு குறைவாகக் கட்டணம் செலுத்திவிட்ட ஒரு பட்டதாரியின் மேல் வழக்குப் போடப்போவதாக நார்தர்ன் நிர்வாகம் மிரட்டியது. நாடே கொதித்த பிறகு, இத்தகைய வழக்குகளைக் கைவிட்டார்கள். தன் வண்டி நாள்தோறும் தாமதமாகும்போது மன்னிப்பு அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளும் நிர்வாகம், பயணி இரண்டு பவுண்டு தவறினால் நீதிமன்றம் போகிறது. அரசுடைமை என்றால் மக்களுடையது என்று சொல்லும் உரிமை இதற்குப் பிறகு எப்படி வரும்?

இதையெல்லாம் பார்த்து, தனியார்தான் மேல் என்றோ, யார் நடத்தினாலும் ஒன்றுதான் என்றோ முடிவுகட்டத் தேவையில்லை. லண்டனிலேயே வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது. சில்வர்லிங்க் என்ற நிறுவனம் நடத்திவந்த நகர்ப்புறச் சேவை, கவனிப்பாரற்ற நிலையங்களுக்குப் பேர்போனது. மாலையில் இறங்கினால் வெளிச்சம் குறைவு, ஆள் அரவம் இல்லை, பெண்கள் தனியே போகத் தயங்கினார்கள். 2007 நவம்பரில் அந்தத் தடங்கள் லண்டன் மாநகரப் போக்குவரத்து அமைப்பின் பொறுப்பில் 'லண்டன் ஓவர்கிரவுண்ட்' என்ற பெயரில் வந்தன. வண்டிகள் உடனே மாறவில்லை. பழைய வண்டிகளே ஈராண்டு போல ஓடின. ஆனால் முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை நிலையத்தில் ஊழியர் இருந்தார். நிலையங்களைக் கழுவித் துடைத்து வண்ணம் பூசினார்கள். மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் உள்ள அதே ஆய்ஸ்டர் அட்டையைக் காட்டி இதிலும் ஏற முடிந்தது. வண்டி ஓட்டியது அப்போதும் தனியார் ஒப்பந்த நிறுவனம்தான். கட்டணத்தை முடிவு செய்வதும் பயணிக்குப் பதில் சொல்வதும் மாநகர அமைப்பு. குறை என்றால் மேயரின் கதவைத் தட்டலாம். சில ஆண்டுகளில் பயணிகள் பல மடங்காகப் பெருகினார்கள்.

சேவை கைமாறினால் பயணிக்கு என்ன மாறும் என்ற இந்தக் கேள்வி சென்னையில் இப்போது நேரடியாகவே வந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை ஓடும் பறக்கும் ரயிலைத் தெற்கு ரயில்வேயிடமிருந்து மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கு மாற்ற 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. முதல் பகுதி 1995-ல் திறந்த பாதை, 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. நிலையங்களின் பிரம்மாண்டம் எல்லோருக்கும் தெரியும், உள்ளே இருக்கும் வெறுமையும் தெரியும். கடைகளுக்கென்று கட்டிய தளங்கள் பூட்டியே கிடக்கின்றன. எஸ்கலேட்டர் நின்றுபோனால் எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் இருட்டான படிகளில் இறங்கும் பெண்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்டில் நிறுத்திய சேவை 2024 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. ஓராண்டுக்கு மேல் பேருந்துக்கும் ரயிலுக்குமாக அலைந்தவர்களிடம் இனி எல்லாம் நன்றாக நடக்கும் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

மெட்ரோ வந்தால் நிலையங்கள் துலங்கும் என்ற எதிர்பார்ப்பு பயணிகளிடம் உண்மையாகவே இருக்கிறது. கூடவே ஒரு பயமும் உண்டு. பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய் டிக்கெட் இருக்கிறது, மாதச் சீசன் டிக்கெட் இருக்கிறது. மெட்ரோவில் தொடக்கக் கட்டணமே பத்து ரூபாய், உச்சம் ஐம்பது. திருவான்மியூரில் இறங்கி டைடல் பார்க் போகும் மென்பொருள் ஊழியருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். அதே வண்டியில் வந்து இந்திரா நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்குத் தெரியும். சீசன் டிக்கெட் போனால் அவருடைய மாதக் கணக்கே மாறிவிடும்.

எனவே கைமாற்றும் தேதியை அறிவிப்பதற்கு முன்பே கட்டணத்தையும் சீசன் டிக்கெட்டையும் பற்றிய முடிவை எழுத்தில் வெளியிட வேண்டும். புதிய பெட்டிகள் வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இரண்டு நிறுவனங்கள் ஒரே பாதையில் பங்கு போட்டுக்கொள்ளும் நிலை வரலாம், அப்போது வண்டி தாமதமானால் யாரைக் கேட்பது என்பது இன்றே தெளிவாக வேண்டும். விளக்கும் எஸ்கலேட்டரும் கழிப்பறையும் நிலையத்தில் கடைசி வண்டி வரை ஓர் ஊழியரும் புதிய பெட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதவை, அவற்றை முதல் மாதத்திலேயே செய்துவிட முடியும். ஊழியர்களின் பணி ஒப்பந்தங்களில் வேறுபாடு இருந்தால் அதையும் கைமாற்றுவதற்கு முன்பே மேசையில் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும், மான்செஸ்டரில் இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டதுபோல் விட்டுவிடக் கூடாது. பயணிகளின் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடத்துவதானால் அதை நட்சத்திர ஓட்டல் அரங்கில் அல்லாமல் திருமயிலை நிலையத்தின் காலியான தளத்தில், மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரத்தில் நடத்தட்டும்.