பசி ருசி அறியும்

பசி ருசி அறியாது என்பது நாம் தலைமுறைகளாகச் சொல்லிவரும் பழமொழி. பஞ்சம் கண்ட சமூகம் தன் வயிற்றிலிருந்து எடுத்துச் சொன்ன வாக்கு என்பதால், மனிதரைப் பொறுத்தவரை அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே வாக்கை நாம் பூனையின் தட்டுக்கும் நீட்டிவிடுகிறோம். வைத்ததை முகர்ந்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் பாதத்தால் தரையைச் சுரண்டிவிட்டு நகரும் பூனையைக் கண்டதும், "இரண்டு நாள் பட்டினி போடு, தானாய்த் தின்னும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனை மிகவும் ஆபத்தானது.

பூனை உண்ணாமலிருந்தால், அதன் உடல் தான் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பையும் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. சில நாட்களிலேயே அதன் செல்களில் கொழுப்பு நிரம்பி, கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். ஹெபாடிக் லிபிடோசிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நோய் கொழுத்த பூனைகளை எளிதில் தாக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையும் கொண்டுபோகும். ஒரு முழு நாள் எதையும் தொடாத பூனையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியானால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கலாகாது. நேற்றுவரை ஒழுங்காய் உண்ட பூனை இன்று முகம் திருப்பினாலும் முதலில் மருத்துவர்தான். பல்வலியோ, சிறுநீரகக் கோளாறோ, மணம் தெரியாதபடி மூக்கடைப்போ காரணமாயிருக்கலாம். நான் இங்கே பேசுவது நோயற்ற, ஆனால் தேர்ந்தெடுத்தே உண்கிற பூனையைப் பற்றி.

இலக்கியம் பேசும் இடத்தில் பூனைச் சோற்றுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதவும் படிக்கவும் செய்கிற மனிதர்களின் வீடுகளில் பூனைகள் தாராளமாகவும் பணம் சிக்கனமாகவும் இருப்பதைப் பார்த்துவருகிறேன் என்பதே என் பதில். இவ்விஷயத்தில் என் கட்சி இதுதான்: பூனையின் மறுப்பைத் திமிர் என்று கொள்வதை விட்டுவிட்டு, அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டால், குறைந்த செலவிலேயே அதற்கு நல்ல உணவு தர முடியும்.

நம் மொழியில் பூனை என்றால் பால். கம்பனே அவையடக்கத்தில், இராமகதை சொல்லப் புகுந்த தன்னை, பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்கு ஒப்பிடுகிறான். உவமையின் அழகில் குறையொன்றுமில்லை; உணவுக் குறிப்பாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளலாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். இனிப்பு என்ற சுவையே அவற்றுக்குத் தெரியாது என்பது இன்னொரு செய்தி. இனிப்பை உணரும் ஏற்பிக்குரிய இரு மரபணுக்களில் ஒன்று பூனையினத்தில் செயலற்றுப் போயிருப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005இல் கண்டறிந்தனர். இறைச்சியின் சுவையை, அதாவது உமாமியை உணரும் ஏற்பி பூனையின் நாக்கில் இருப்பதையும், சூரை மீனில் மிகுந்துள்ள சில பொருட்களை அது விரும்பித் தேடுவதையும் 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வெவ்வேறு சேர்மானங்களில் உணவை வைத்துத் தெரிவு செய்ய விட்டபோது, பூனைகள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 52 விழுக்காட்டைப் புரதத்திலிருந்தும், 36 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தும், வெறும் 12 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தும் பெறுமாறு தாமே சரிசெய்துகொண்டன என்கிறது 2011இல் வந்த இன்னோர் ஆய்வு. சோற்றில் இரண்டு சொட்டு மீன்குழம்பைப் பிசைந்து வைத்தால் பூனை ஏன் ஒதுங்குகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி கடைக்கு வருவோம். பொட்டலத்தின் முன்பக்கத்திலிருக்கும் மீனும் பளபளக்கும் பூனையும் விளம்பரம். பின்பக்கத்தின் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் அது முழுமையான, சமச்சீரான உணவா, துணை உணவா என்று பாருங்கள். பூனைகள் வெறியோடு நக்கும் குழம்புக் குழாய்கள் பலவும் துணை உணவுகளே. அவற்றால் வயிறு நிரப்பக் கூடாது. அடுத்து டாரின். பூனையின் உடல் இதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது. இது குறைந்தால் விழித்திரை அழியும் என்பது 1975இலும், இதயத் தசை தளரும் என்பது 1987இலும் தெரியவந்தது. பின்னதில் பாதிக்கப்பட்டவை கடையில் விற்ற உணவை உண்ட பூனைகளே. அதன் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டாரினின் அளவைக் கூட்டினார்கள். உலர் உணவில் குறைந்தது 0.1 விழுக்காடும் டப்பா உணவில் 0.2 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் வரையறை. வளர்ந்த பூனைக்கான புரதம் ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 26 விழுக்காடு. மலிவாய்க் கிடைக்கிறதே என்று நாய் உணவைப் பூனைக்குப் போடுவோர் உண்டு. டாரினும் போதிய புரதமும் அதில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்தச் சிக்கனத்தின் விலையைப் பூனையின் கண்ணும் இதயமும் கொடுக்க நேரலாம்.

புரதக் கணக்கில் ஒரு பொடி வைத்தியம் தெரிந்திருக்க வேண்டும். உலர் உணவில் 30 விழுக்காடு, ஈர உணவில் 8 விழுக்காடு என்று போட்டிருந்தால், முதலாவதே மேல் என்று தோன்றும். உலர் உணவில் நீர் 10 விழுக்காடு. மீதி 90இல் 30 என்றால் 33 விழுக்காடு. ஈர உணவில் நீர் 80 விழுக்காடு. மீதி 20இல் 8 என்றால் 40 விழுக்காடு. மாவுச்சத்தின் அளவைப் பொட்டலத்தில் பெரும்பாலும் சொல்வதில்லை. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் ஆகியவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் அது கிடைத்துவிடும். தானியமற்றது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கப்படுவனவற்றை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அரிசிக்குப் பதில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் இருக்கும். மாவுச்சத்து அநேகமாய் அப்படியே இருக்கும்.

விலையைக் கிலோவுக்குப் பார்ப்பதைவிட நாளுக்குப் பார்ப்பதே சரி. வீட்டிலிருக்கும் நான்கு கிலோ பூனைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோகலோரி தேவை. சுமார் 60 கிராம் உலர் உணவு இதைத் தந்துவிடும். கிலோ 400 ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு 24 ரூபாய். ஈர உணவு மட்டும் என்றால் சிறு பைகள் மூன்றாவது ஆகும். பை 40 ரூபாய் எனில் 120 ரூபாய். உலர் உணவு பாதிக்கு மேலும், ஈர உணவு ஒரு பையுமாய்ச் சேர்த்தால் 56 ரூபாய்க்குள் முடியும். பூனையின் உடம்புக்குத் தேவையான நீரும் கொஞ்சம் சேரும். இதில் இன்னொரு வரவு செலவும் உண்டு. 20 ரூபாய்க்கு வாங்கியதில் பாதி குப்பைக்குப் போனால், உண்ட பாதியின் விலை 20 ரூபாய்.

குப்பைக்குப் போவதன் காரணம் பல வேளைகளில் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. நம் ஊர்க் கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துக் கால் கிலோ, அரைக் கிலோவாக நிறுத்துக் கொடுக்கிறார்கள். எந்தத் தேதியில் தயாரானது, எப்போது பிரித்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. காற்றுப் பட்ட கொழுப்பு கெடும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் கெடும். நம் மூக்குக்கு எட்டாத சிக்கு வாடை பூனைக்கு எட்டிவிடுகிறது. அதே வகையை முத்திரை உடையாத பையில் வாங்கி வைத்துப் பாருங்கள், சில பூனைகளின் பிடிவாதம் அன்றே தீர்ந்துவிடும். பெரிய மூட்டையை நாமே வாங்குவதும் ஒற்றைப் பூனை வீட்டுக்கு லாபமில்லை. நாளுக்கு 60 கிராம் வீதம் ஏழு கிலோ தீர நான்கு மாதமாகும். ஆறு வாரத்துக்குள் தீரும் அளவே போதும். அதையும் அதன் பையோடு இறுக்கமான டப்பாவில் வைப்பது நல்லது.

வீட்டுச் சமையலின் பக்கம் நிற்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மீன் மட்டுமே முழு உணவாகாது. சிலவகைப் பச்சை மீன்களில் தயமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது போய்விடும். எண்ணெய் மிகுந்த மீனையே ஓயாமல் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு வீங்கும். எலும்பில்லாத கறி மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்து இராது. ஈரலே நாள்தோறும் என்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகும். வெங்காயமும் பூண்டும் நஞ்சு. எனவே முழுமையான உணவை அடித்தளமாக வைத்து, உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய மத்தியையோ கோழியையோ மேலே தூவலாம். அன்றைய ஆற்றலில் பத்திலொரு பங்குக்குள் அது நின்றால் போதும். பிடிவாதக்காரப் பூனைக்கு இதைவிட மலிவான தூண்டில் இல்லை.

மாற்றத்தை ஒரே நாளில் திணிக்காமல், பழையதில் புதியதைச் சிறிது சிறிதாய்க் கலந்து ஏழு முதல் பத்து நாளில் முடிக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், அப்போதுதான் பிடித்த எலியின் உடற்சூடு அளவுக்கு வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழும். கொஞ்சமாகவும் அடிக்கடியும் வைக்க வேண்டும். சிறு இரைகளை நாளெல்லாம் பிடித்துண்ட இனம் அது.

விலை ஏறினால் அன்பு ஏறியதாகக் கருதும் மனோபாவமும், மிருகம்தானே, போட்டதைத் தின்னட்டும் என்னும் மனோபாவமும் எதிரெதிர் போலத் தெரிகின்றன. இரண்டிலுமே யாரும் பூனையைக் கவனிப்பதில்லை. நடுத்தர விலையில், முத்திரை உடையாத, முழுமையான உணவு ஒன்று. வாரத்தில் சில நாள் கொஞ்சம் அவித்த மீன். பின்பக்கத்து எழுத்தைப் படிக்க ஐந்து நிமிடம். பெரும்பாலான பூனைகளுக்கு இவ்வளவு போதும். இதற்கும் மேல் அது மறுத்தால், கடையை மாற்றுமுன் மருத்துவரைப் பாருங்கள். பழமொழியை மட்டும் கேட்காதீர்கள்.